அரைக் கிணறு

சுவடிகள் கூடத்துக்குள் பென்சில் மட்டும்தான் விடுவார்கள்.
பேனையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு
ஏழாவது வெள்ளியும் அரைநாள் லீவில்
தோம்பு ஏட்டின் முன் குனிந்திருக்கிறேன்.
ஒல்லாந்து மொழி தெரியாது.
பெயர்களையும் எண்களையும் மட்டும்
கீரிமீனில் முள் எடுப்பதுபோல
எடுக்கப் பழகியிருக்கிறேன்.

யாக்கோப்பு. மட்டக்குளி. பயிர் செய்பவன்.
தென்னை பதினொன்று, காய்ப்பது ஏழு.
பலா இரண்டு.
ஆற்றோரம் வெற்றிலைக் கொடிக்கால்.
எருமை ஒன்று.
கிணறு: அரை.

மனைவி மதலேனாள்.
பிள்ளைகள் பஸ்கால், உர்சுலா,
பிறகு ஒரு பெண், பெயர் இல்லை.

ரொறன்ரோவிலிருந்து வரப்பிரகாசம் மச்சான்
இரவில் போன் எடுக்கிறார்.
மகளின் கலியாண அல்பத்துக்கு வம்ச மரம் வேண்டுமாம்.
"முதலியார் பட்டம் ஏதும் இருக்குதா? வாள்? பதக்கம்?"
எருமை இருக்கிறது, என்கிறேன்.
லைன் சரியில்லை என்கிறார்.

கொட்டாஞ்சேனைக் கோயிலின் பழைய பதிவில்
வேறொருவர் கிடைத்தார்.
சந்தியாகு. அதே மட்டக்குளி. அரைக் கிணறு.
மனைவி மதலேனாள்.
அண்ணன் தம்பி என்று நினைத்தேன்.
நாலு மாதம் கொப்பியில் இரண்டு பெட்டி கீறி
நடுவே ஒரு கோடு போட்டு,
சொத்துச் சண்டை ஒன்றையும் நானே மூட்டி,
கிணற்றை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தும் கொடுத்துவிட்டேன்.
இரண்டு வீட்டிலும் ஒரே பெயரில் மனைவி என்பது
கொஞ்சம் இடித்தது.
அந்தக் காலத்தில் பெயருக்குப் பஞ்சம், என்று
என்னையே சமாளித்தேன்.

சொரூபத்துக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்த சங்கிலித்தார்
ஏணியில் நின்றபடி சொன்னார்:
"சந்தியாகப்பர் எண்டாலும் யாகப்பர் எண்டாலும்
ஆள் ஒண்டுதானே."

ஏணிக்குக் கீழேயே இருந்துவிட்டேன்.

கும்பனி கத்தோலிக்கக் கோயிலைப் பூட்டியிருந்த காலம்.
பகலில் பள்ளிக்கூடத் தோம்பில்
போதகர் எழுத யாக்கோப்பு.
இரவில் கொடிக்காலுக்குள்,
ஒளிந்து வந்த சாமியாருக்கு முன்னால் சந்தியாகு.
களை பிடுங்கக் குனிந்தது ஒரே முதுகு.
தோம்பில் பெயரில்லாத அந்தக் கடைக்குட்டி
கோயில் ஏட்டில் இருக்கிறாள்:
செபஸ்தியாள். ஒன்பது நாள்.
எழுதிய மை மற்றவர்களுடையதைவிட மங்கல்.
அன்று கொப்பியை மூடி வைத்துவிட்டு
ஆமர் வீதிவரை நடந்தே போனேன்.

அழிரப்பர் எடுத்துச் சண்டையை அழித்தேன்.
கோட்டையும் ஒரு பெட்டியையும் அழித்தேன்.
அப்படியென்றால் மற்ற அரைக் கிணறு?

அடுத்த ஏடு கறையான் தின்றது.
மிஞ்சிய துண்டில்,
எருமை அயல் தோட்டத்தில் மேய்ந்ததற்கு
தண்டம் இரண்டு பணம்,
கொடுக்கவேண்டியது
ஏதோ ஒரு லெப்பைக்கு.
கொடுத்தாரா இல்லையா என்பது
கறையானுக்குத்தான் தெரியும்.

மட்டக்குளியில் இப்போது கொள்கலன் முற்றம்.
பக்கத்தில் டயர் கடை, அதற்குப் பின்னால் மதில்,
மதிலுக்குக் கீழே ஒரு கிணறு.
பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.
அதுதான் இது என்று சொல்ல
என்னிடம் எந்தக் கடதாசியும் இல்லை.
வாளியில் டியூபை அமிழ்த்தி
ஓட்டை தேடிக்கொண்டிருந்தார் ஜுனைதீன்.
குமிழி ஒன்று வந்தது, அந்த இடத்தைப் பெருவிரலால் பொத்தினார்.

பிறகுதான் என் கொப்பியைப் பார்த்தார்.
"காணி அளக்க வந்தீங்களா?
உறுதி எல்லாம் எங்கட்ட சரியா இருக்கு."

இல்லை நானா, என்றேன்.
ஓர் எருமை விஷயமாக வந்தேன்.